எழுதாமல் விட்ட நம்பர்

பஸ் ஊர் எல்லையைத் தாண்டித் தீப்பெட்டி ஆபீஸ் வளைவில் திரும்பியதுமே சீனியம்மாள் கேட்டுவிட்டாள். "அந்த வண்டிய இன்னும் புடிக்கலையா தாயி?" கேட்டவள் முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வெளியே ஓடும் சீமைக்கருவேலங் காட்டைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பதுபோலக் கேட்டாள். "பாத்துக்கிட்டிருக்காங்கக்கா" என்றாள் வேலுத்தாய். வாய் தானாகச் சொன்னது. பதினான்கு வருஷப் போலீஸ் வேலையில் வாய்க்குப் பழகிப்போன பதில்களில் அதுவும் ஒன்று. சொல்லிவிட்டு மடியிலிருந்த தொப்பியின் விளிம்பை நகத்தால் கீறினாள். யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எந்த வண்டியை? ஸ்டேஷனில் இருக்கிற பதினேழு பேரில் அவளையும் ரைட்டர் ஏட்டையாவையும் தவிர ஒருத்தருக்கும் அப்படியொரு வண்டி இருப்பதே தெரியாது. அந்தம்மா வாயால் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் நம்பர் தெரியாது. பைக் என்று தெரியும், மூன்று மாதமாகப் பின்னாலேயே வந்தது என்று தெரியும். அழகுமீனா அச்சாபீஸில் காலண்டர் தைக்கும் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற அந்த முக்கால் மைலும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தவன் என்று தெரியும். பத்தொன்பது வயசு அழகுமீனா, சீனியம்மாளின் மகள். இன்றோடு பன்னிரண்டு நாள். போன திங்களுக்கு முந்தின திங்கள் சாயங்காலம் அச்சாபீஸை விட்டு வெளியே வந்தாள், பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேரவில்லை. இன்றைக்குக் காலையில் மாவட்டத் தலைநகரிலிருந்து தகவல் வந்தது. செங்கல் சூளைக் கிணற்றில் ஒரு பெண் உடல், சுமார் இருபது வயது, அடையாளம் காட்ட ஆளைக் கூட்டிவரவும். ஜீப் அமைச்சர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தது. "நீயே பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிரு வேலுத்தாயி" என்றார் ரைட்டர் ஏட்டையா. பிறகு வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்தம்மாகிட்ட எதையும் வாய விட்டுறாத."

அழகுமீனா வராமல் போனதற்கு மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமை. அதை எத்தனை தடவைதான் பிரித்துப் பார்ப்பது? எந்தப் பக்கம் பிரித்தாலும் கடைசியில் கக்கூஸில்தான் வந்து நிற்கிறது. அன்று தேரோட்டம். விடியுமுன்னே நாலு மணிக்குத் தெற்கு ரதவீதி முக்கில் கூட்டத்தைத் தடுக்கக் கயிறு பிடிக்க நிறுத்தினார்கள். மாதவிலக்கின் இரண்டாம் நாள். மத்தியானம்வரை நகர முடியவில்லை, நகர்ந்தாலும் போக இடமில்லை. கோயிலைச் சுற்றி இருந்த அத்தனை வீட்டுக் கதவும் கூட்டத்துக்குப் பயந்து சாத்திக் கிடந்தது. காக்கி பேன்ட் என்பதால் தெரியாது என்று மற்ற பெண் போலீஸ்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டாள், சிரித்துக்கொண்டே தொடையை இறுக்கிக்கொண்டு நின்றாள். மூன்று மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது பெண்களுக்கென்று கட்டிய கக்கூஸில் பறிமுதல் செய்த சாராயக் கேனை அடுக்கிப் பூட்டியிருந்தது. பின் தெருவில் டெய்லர் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று பையை எடுத்தபோதுதான் சீனியம்மாள் வந்து நின்றாள். கையில் ஒரு தாள், ஒரு சின்னப் போட்டோ. "எம் மக ராத்திரி வீட்டுக்கு வரல தாயி." உட்காரச் சொன்னாள். அதுவரை ஒன்றும் குறையில்லை. பெயர், வயசு, என்ன நிறச் சுடிதார், போன் நம்பர், எல்லாம் கேட்டாள். யாரிடமாவது பேசுவாளா என்று கேட்டாள். அந்த இடத்தில்தான் சீனியம்மாள் பைக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். வேலுத்தாய் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். பேனாவை மூடிவிட்டாள். அடிவயிறு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. எதிரே அந்தம்மாவின் வாய் அசைந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, ஏதோ எண்ணிச் சொன்னாள், எண்கள், எழுத்துகள், வண்டியின் நம்பர். காதில் விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. "சரிம்மா, சரிம்மா, பாக்குறோம். எவன்கூடயாச்சும் போயிருப்பா. ரெண்டு நாள் பாருங்க, வந்துருவா" என்று சொல்லித் தாளை மடித்து ரிஜிஸ்தருக்குள் செருகிவிட்டு, கிட்டத்தட்ட ஓடினாள். டெய்லர் வீட்டில் தண்ணீர் மோந்து ஊற்றும்போது அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது. திரும்பி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. போய்விட்டாள், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள். இன்னொரு விதமாக நினைத்ததாக இப்போது மாற்றிக்கொள்ள முடியாது.

ரெண்டு நாள் பாருங்க, வந்துருவா. இந்த வாக்கியம் அவளுடையதுகூட இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஏட்டம்மாவிடமிருந்து தொற்றிக்கொண்டது. அவருக்கு யாரிடமிருந்தோ. இதில் கொடுமை என்னவென்றால் அது பலித்துக்கொண்டே இருந்ததுதான். பத்துப் பெண்ணைக் காணோம் என்று மனு வந்தால் ஒன்பது பேர் மூன்றாம் நாள் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடும் பக்கத்தில் ஒரு பையனோடும் பாதுகாப்புக் கேட்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார்கள். தகப்பன் மண்ணை வாரித் தூற்றுவான், தாய் மாரில் அடித்துக்கொள்வாள், இவள் நடுவில் நின்று மேஜரா மைனரா என்று பார்ப்பாள். ஒன்பது தடவை பலித்த வாக்கியத்தைப் பத்தாவது தடவை யார் சந்தேகப்படுவார்கள்? அதுவும் காணாமல் போனது ஆம்பளைப் பையன் என்றால் விபத்தா, கிணற்றில் விழுந்தானா, எவனும் அடித்துப் போட்டானா என்று கேட்கிறோம். பொம்பளைப் பிள்ளை என்றால் அவளே போனாள் என்றுதான் முதலில் வாயில் வருகிறது. போவதற்கு அவளுக்குக் கால் இருக்கிறதென்றால், கொண்டுபோவதற்கு இன்னொருத்தனுக்குக் கை இருக்காதா? மகளிர் ஸ்டேஷனில் இருந்த இரண்டு வருஷமும் அப்படித்தான். பூங்கனி என்று ஒருத்தி. கை மணிக்கட்டில் ஒடிந்து, துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். புருசனைக் கூப்பிட்டு இரண்டு அதட்டு அதட்டி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, பிள்ளைக இருக்குல்ல" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டது யார்? ஆட்டோவுக்குள்ளிருந்து பூங்கனி பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதிலிருந்து மூன்றாவது மாதம் தீக்காய வார்டில் அவளிடம் வாக்குமூலம் எழுத இவளைத்தான் அனுப்பினார்கள். உதடு இருந்த இடத்திலிருந்து குரல் வந்தது, "ஸ்டவ் வெடிச்சிருச்சு மேடம்." எழுதினாள். அதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

பஸ் ஓர் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் நின்றது. கூடையோடு ஒரு பெண் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்து, காக்கியையும் சீனியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்தே எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். போலீஸ்காரிக்குப் பக்கத்தில், ஜன்னலோரத்தில், தலை கலைந்து உட்கார்ந்திருப்பவள் என்ன செய்திருப்பாள், சாராயமா, திருட்டா? கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்கும்போது "கோர்ட்டுக்கா?" என்று கேட்டார். கூடைக்காரி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "என்ன கேஸு மேடம்?" வேலுத்தாய் வாயைத் திறப்பதற்குள் சீனியம்மாளே சொன்னாள். "கேஸெல்லாம் இல்லத்தா. எம் மகளத் தேடிப் போறோம்." அதைச் சொன்ன விதத்தில், மகள் ஏதோ ஆஸ்டலில் படிப்பதுபோலவும் இவர்கள் பலகாரம் கொண்டுபோவதுபோலவும் இருந்தது. கூடைக்காரி உச்சுக்கொட்டினாள். "எவன்கூடயும் போயிட்டாளா?" வேலுத்தாய்க்குக் காது அடைத்தது. அதே வாக்கியம். வேறு வாயிலிருந்து, அதே இழுப்போடு, அதே இரக்கத்தோடு. எழுந்து அந்த வாயைப் பொத்த வேண்டும்போலக் கை துடித்தது. யாருடைய வாயை? "பேசாம வாங்க" என்று மட்டும் அதட்டினாள். சீனியம்மாள் அவள் கையைத் தொட்டு, "விடு தாயி, தெரியாம கேக்குறாக" என்றாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. பன்னிரண்டு நாளில் அந்தம்மா தன்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை என்பது வேலுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் பேசவேண்டும்? தான் சொன்னதை எல்லாம் இந்தப் போலீஸ்காரப் பெண் எழுதிக்கொண்டாள், நம்பரைக் கொடுத்தாகிவிட்டது, சர்க்கார் அந்த வண்டியை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறது என்றல்லவா நம்பிக்கொண்டிருக்கிறாள். தூங்கினால் அந்த நம்பிக்கையில்தான் தூங்குவாள். தினமும் காலையில் ஸ்டேஷன் எதிரே புங்கமரத்தடியில் வந்து உட்கார்ந்தாளே, அதுவும் அவசரப்படுத்த அல்ல, கிடைத்ததும் உடனே தெரிந்துகொள்ள.

கேட்டிருக்கலாம். மூன்றாம் நாள் ரேஷன் கார்டு நகலோடு வந்தாளே, அப்போதே கேட்டிருக்கலாம். "அக்கா, அந்த நம்பர இன்னொரு தடவ சொல்லுங்க." எத்தனை சின்ன வாக்கியம். ஆனால் கேட்டால் அன்றைக்கு எழுதவில்லை என்று ஆகிவிடும். மூன்று நாள் சும்மா இருந்தாயா என்ற கேள்வி வரும். ஐந்தாம் நாள், பெண் காணவில்லை என்று முறையாக வழக்குப் பதிந்தபோது இன்ஸ்பெக்டர் கேட்டார், "யார் மேலயும் சந்தேகம் இருக்காம்மா?" சீனியம்மாள் இவளைக் கைகாட்டினாள். "எல்லாத்தையும் அன்னைக்கே இந்தத் தாயிகிட்டச் சொல்லிட்டேங்கய்யா." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த ஒரு மூச்சுக்குள் எல்லாம் இருந்தது, அந்தப் பிள்ளையின் உயிரேகூட இருந்திருக்கலாம். "பாத்துட்டிருக்கோம்யா" என்றாள். அவர் மேசையில் போன் அடித்தது. அவ்வளவுதான், மூடிப்போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேள்வி கனத்துக்கொண்டே போயிற்று. ஏழாம் நாள், எட்டாம் நாள். எட்டாம் நாள் இருக்க முடியாமல் ஏட்டையாவிடம் மட்டும் சொன்னாள், இப்படி அந்தம்மா ஏதோ வண்டி நம்பர் சொன்னது, நான் குறிக்கவில்லை என்று. ஏட்டையா பேனாவை வைத்தார். "போன் லிஸ்டு வந்துரும். அதுல ஆளு சிக்கிருவான். நீ பாட்டுக்கு இத வெளிய சொன்னா, உனக்கு மெமோ, எனக்கு மெமோ, அய்யாவுக்கு மேலேருந்து திட்டு. சும்மா இரு" என்றார். சும்மா இருந்தாள். மெமோவுக்குப் பயந்து சும்மா இருந்தாளா, அந்தம்மாவின் முகத்துக்குப் பயந்தா? இரண்டுக்கும்தான். மெமோகூடப் பெரிதில்லை. ஒரு பொய் தயார் பண்ணியும் வைத்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் ராத்திரி படுக்கையில் கிடந்து யோசித்துக் கண்டுபிடித்த பொய். "நம்பர் இருக்குக்கா, ஒரு தடவ சரிபார்த்துக்கலாம்னுதான்." எவ்வளவு வழுவழுப்பான பொய். யாருக்கும் அடிபடாது. நம்பரும் கிடைக்கும். அதைத்தான் இன்றைக்கு பஸ்ஸில் கேட்டுவிட வேண்டும் என்று காலையில் சட்டைப் பித்தான் போடும்போது முடிவு பண்ணியிருந்தாள். பஸ் ஏறி அரை மணி நேரம் ஆயிற்று. தொண்டைவரை வருகிறது, நிற்கிறது. பிணவறைக்குப் போகிற வழியில் எப்படி அதைக் கேட்பது?

சீட்டுக்கு அடியில் இன்ஜின் சூடு காலைச் சுட்டது. வெளியே காலண்டர் அட்டைக் கட்டு ஏற்றிய ஒரு வேன் பஸ்ஸை முந்திக்கொண்டு போயிற்று. சீனியம்மாள் அது மறையும்வரை பார்த்தாள். வேலுத்தாய்க்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. காலையில் இட்லித் தட்டோடு நின்றுகொண்டு ஓவியா கேட்டாள், "அந்தக்கா கெடச்சிட்டாங்களாம்மா?" ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, அதற்கு இந்த விசாரம் எதற்கு என்று "நீ சாப்பிடு" என்றாள். இப்போது அந்தக் கேள்வி வேறு மாதிரிக் கேட்கிறது. அந்தக்கா என்று ஏன் சொன்னாள், தெரிந்த ஆளைச் சொல்வதுபோல? போன வருஷம் டியூஷனை நிறுத்தினாளே. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒருநாள் "இனி போகலம்மா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்." குற்றவாளியிடம் ஒரே கேள்வியை நாற்பது தடவை திருப்பித் திருப்பிக் கேட்கத் தெரிந்தவள் பெற்ற பிள்ளையிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. டியூஷனுக்குப் போகும் வழியில் என்ன இருக்கிறது? ஒரு மெக்கானிக் கடை, ஒரு கல்யாண மண்டபம், பாதிவரை தெருவிளக்கு இல்லாத ஒரு சந்து. அதற்கு முந்தி ஒரு தடவை ஓவியா ஏதோ சொல்ல வந்தாள். இவள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு, "யாரும் பாத்தா நீ குனிஞ்சு போயிரு, நிமிராத" என்று சொல்லி முடித்துவிட்டாள். அது பாதுகாப்பு என்றுதான் நினைத்தாள். தனக்கும் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். பயிற்சிக் காலத்தில் ஓர் அதிகாரி துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருகிற சாக்கில் முதுகில் வைத்த கை, அது இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. குனிந்துதான் நின்றாள். இலக்கைப் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. அன்று ஐந்து ரவுண்டும் சரியாகப் பட்டது. கைதட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டும், ஓவியாவிடம் கேட்க வேண்டும், பாதியில் விடாமல் கேட்க வேண்டும். அவள் இப்போது எங்கே இருப்பாள், பள்ளியில்தானே? மணி என்ன, பதினொன்று பத்து, பள்ளியில்தான். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாளா? போனை எடுத்தாள். டீச்சர் நம்பரைத் தேடினாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"இடது காலுல தழும்பு இருக்கும் தாயி" என்றாள் சீனியம்மாள், கேட்காமலே. "மூணு வயசுல கஞ்சிப் பானையத் தட்டிவிட்டுட்டா. பாதத்துல கொட்டிருச்சு. பாதிப் பாதம் வழவழன்னு சட்டியடி மாதிரி இருக்கும். செருப்பு வாங்கயில மூடுன செருப்புத்தான் வாங்குவா. மொகத்தப் பாக்கச் சொல்லாதீக. காலக் காட்டச் சொல்லுங்க, நான் சொல்லிருவேன்." முகம் எப்படி இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீரில் கிடந்தது, ஐந்தாறு நாள் ஆகியிருக்கும், மெரூன் நிறப் பேன்ட், மேல்துணி இல்லை என்று தகவலில் இருந்தது வேலுத்தாய்க்குத்தான் தெரியும். அழகுமீனா போட்டிருந்தது பச்சைச் சுடிதார். கீழே என்ன நிறம் என்று அன்று எழுதவில்லை. அதையும் எழுதவில்லை. பச்சைக்கு மெரூன் போடுவார்களா, போடுவார்கள், ஓவியாவிடமே ஒன்று இருக்கிறது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கதவு தட்டாமல் வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி. அது அழகுமீனாவாகவே இருந்துவிட்டால், இனி அந்த நம்பரை இந்தம்மாவிடம் கேட்க வேண்டியதில்லை. அழுகையும் சடங்குமாக எல்லாம் அதில் முங்கிப்போகும். வண்டி, நம்பர், செவ்வாய்க்கிழமை, எதையும் யாரும் கிளறமாட்டார்கள். ஒரு வினாடி, முழுசாக ஒரு வினாடி அது ஆறுதலாக இருந்தது.  நான் என்ன நினைத்தேன்? இவள் பிள்ளை செத்துக் கிடக்கட்டும் என்றா நினைத்தேன், இவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பஸ் ஏறியதும் இவள் கொடுத்த வெற்றிலையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு? பைக்கில் பின்னாலேயே வந்தானே, அவனுக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது? அவன் ஒன்று நினைத்தான், நான் ஒன்று நினைத்தேன். தலையைக் குலுக்கினாள். போகவில்லை. இல்லையென்று இருக்க வேண்டும், அது வேறு பிள்ளையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டும்போதே, வேறு பிள்ளை என்றால் அதுவும் ஒருத்தி பெற்றதுதானே என்று வந்து முட்டியது. எதைத்தான் வேண்டுவது? கும்பிடுகிற சாமியிடம் இப்படி ஆள் மாற்றிக் கேட்கவா முடியும்?

ஆஸ்பத்திரியில் யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம், சலவைத் துணி காயும் கொடிகளைத் தாண்டி, வாடை வருகிற திசையில் நடந்தார்கள். பிணவறை ஊழியர் சேவுகன் என்ற வயசாளி, சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். "தாயா? மூக்கப் பொத்திக்கம்மா" என்றார். சீனியம்மாள் பொத்திக்கொள்ளவில்லை. உள்ளே வெளிச்சம் மங்கல், தரை ஈரம். "மொகம் வேணாம், கால மட்டும் காட்டுங்க" என்று வேலுத்தாய் சொன்னாள். அவளுடைய குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. சேவுகன் துணியைக் கால்பக்கம் ஒதுக்கினார். இரண்டு பாதங்கள். ஊறி, வெளுத்து, தோல் சுருங்கி. சீனியம்மாள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். தன் விரலால் இடது பாதத்தின் மேல்புறத்தைத் தடவிப் பார்த்தாள், ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.  "இல்ல" என்றாள் சீனியம்மாள். "எம் பிள்ள இல்ல. தழும்பு இல்ல. எம் பிள்ள இல்ல தாயி." நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வந்தது சிரிப்புத்தான். பன்னிரண்டு நாளில் வேலுத்தாய் பார்க்காத சிரிப்பு. வரிசைப் பற்கள் தெரிந்தன, ஒரு காலத்தில் அழகாக இருந்திருப்பாள் என்று தோன்றியது. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு எங்கே இருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டதுபோல அணைந்தது. அந்தக் கால் நகங்களில் மருதாணி இருந்தது. பத்து விரலிலும், ஒழுங்காக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து வைத்துவிட்ட மருதாணி. தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. சீனியம்மாள் துணியை இழுத்து அந்தக் காலை மூடினாள். ஓரத்தைச் செருகிவிட்டாள், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல. "இவளப் பெத்தவ எந்த ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருக்காளோ" என்றாள். சேவுகன் தன் நோட்டில் ஏதோ குறித்தார்.

வெளியே வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய சிமென்ட் மேடையில் உட்கார்ந்தார்கள். சீனியம்மாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், வெறும் தண்ணீர்தான் வந்தது. வேலுத்தாய் பாட்டிலைச் சாய்த்து முகம் கழுவிவிட்டாள். ஏட்டையா போனில் வந்தார். "ஆமாவா, இல்லையா?" "இல்லைங்கய்யா." "சரி, வந்து சேரு." போன் அணைந்தது. இல்லை என்றால் அழகுமீனா இருக்கிறாள். எங்கோ இருக்கிறாள், அல்லது எங்கோ இன்னும் கண்டெடுக்கப்படாமல் கிடக்கிறாள். இந்த நிமிஷம் ஒரு பூட்டிய அறைக்குள் அவள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம், தட்டி ஓய்ந்திருக்கலாம். பன்னிரண்டு நாள். நாளைக்குப் பதின்மூன்று. வேலுத்தாய் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். நம்பர் இருக்குக்கா, ஒரு தடவ சரிபார்த்துக்கலாம்னுதான். நாக்கு நுனியில் நின்றது, நல்ல பொய், யாருக்கும் அடிபடாத பொய். சீனியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "அக்கா" என்றாள் வேலுத்தாய். "அந்த வண்டி நம்பர் எங்கிட்ட இல்லக்கா." சீனியம்மாளுக்குப் புரியவில்லை. "தொலைஞ்சு போச்சா?" "இல்ல. நான் எழுதவே இல்ல. அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான் எழுதல. யாரும் அந்த வண்டியத் தேடல." சொல்லி முடித்தபின் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. துணி காயும் கொடியில் ஒரு போர்வை காற்றில் எழுந்து தணிந்தது. அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும், காக்கிச் சட்டையைப் பிடித்து உலுக்கினால் நன்றாயிருக்கும், ஆட்கள் கூடி நின்று பார்க்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை.  பிறகு அந்தம்மா மேடையில் அவளைவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு ஆள் உட்காரும் இடம், அவ்வளவுதான் நகர்ந்தாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்றாள் சீனியம்மாள். குரல் உயரவில்லை. "அவதான் சொல்லித் தந்தா. ஒருநா அடுப்படியில உக்காந்து, 'யம்மா, இத மனப்பாடம் பண்ணிக்க, எனக்கு ஒண்ணுன்னா சொல்லணும்ல'ன்னு சொன்னா. வெளையாட்டுக்குச் சொல்றாளாக்கும்னு நெனச்சேன். தப்பாச் சொன்னா மண்டையில குட்டுவா. பன்னெண்டு நாளா மறந்துறக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதான் கெடக்கேன். சோறு பொங்கயிலயும் சொல்லுதேன். மறந்தா என்ன, அவுககிட்டத்தான் எழுதி இருக்கேன்னு ஒரு தைரியம். இருந்தும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்." வேலுத்தாய் நோட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினாள். சீனியம்மாள் சொன்னாள், கைவிரலை ஒவ்வொன்றாக மடக்கி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி. "முன்னால நம்ம ஜில்லா நம்பரு. அப்புறம் ஏ. அப்புறம் எக்ஸு. எட்டு. நாலு. சைபர். ஏழு." எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினாள் வேலுத்தாய். "ம்" என்றாள் அவள். வேலுத்தாய் ஏட்டையாவுக்குப் போன் போடவில்லை. நேரே கன்ட்ரோல் ரூமுக்குப் போட்டாள். பெயரைச் சொல்லி, பட்டை எண்ணைச் சொல்லி, வண்டி நம்பரைச் சொன்னாள். எதிர்ப்பக்கம் ஓர் இளம் குரல், கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம், "லைன்ல இருங்கக்கா." இருந்தாள். அந்தக் குரல் ஒரு பெயரைச் சொல்லிற்று, தகப்பன் பெயர், கதவு எண், தெரு. எழுதினாள். அச்சாபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி. தினமும் ரோந்து போகிற தெரு. உடனே இன்ஸ்பெக்டருக்கு அடித்தாள். என்ன நடந்தது, எது விட்டுப்போயிற்று, யார் விட்டது, எதையும் மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை, பிறகு "அட்ரஸ சொல்லு", பிறகு ஜீப்பை வரச்சொல்லி யாரையோ சத்தம்போடுகிற குரல். போனை இறக்கினாள். சீனியம்மாள் அவள் கையையும் போனையும் நோட்டில் இருந்த அந்த நாலு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிணவறை வாசலில் சேவுகன் காதிலிருந்த சுருட்டை எடுத்து இன்னும் பற்றவைத்து முடிக்கவில்லை.

"இம்புட்டு நேரந்தானா தாயி ஆகும்?" என்றாள் சீனியம்மாள்.